எல்லோரும் ஒரே தாளில் எழுதினால்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்புப் பணிகளை இணையத்தில் கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூமில் ஒளியியல் பாடத்துக்கு ஒரு பயிற்சித்தாள் போட்டேன். ஒருத்தி எழுதிய விடையை இன்னொருவன் அழித்துவிட்டான். சிலர் நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். திருத்தி மதிப்பெண் போட்ட பிறகும் "மார்க் வரவில்லை மிஸ்" என்கிறார்கள். எங்கே பிசகு?

பதில்: பிள்ளைகள் மேல் பிழை இல்லை. கோப்பை இணைத்ததும் அதன் பக்கத்தில் ஒரு சிறிய பட்டியல் திறக்கும். அதில் மூன்று தேர்வுகள்: மாணவர்கள் பார்க்க மட்டும், மாணவர்கள் திருத்த, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல். நீங்கள் இரண்டாவதைத் தொட்டிருக்கிறீர்கள். வகுப்பு முழுவதும் ஒரே தாளில் எழுதியிருக்கிறது. விடை எழுதி வாங்கும் தாள் என்றால் மூன்றாவதுதான். அப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் சேர்ந்த தனிக் கோப்பு உருவாகிவிடும்.

ஒரு கண்டிப்பு உண்டு. வகுப்புக்கு அனுப்பிய பிறகு இந்தத் தேர்வை நகலுக்கு மாற்ற முடியாது. பழையதோடு மல்லுக்கட்டாமல் புதிய பணியாகப் போட்டுவிடுங்கள். அழிந்த விடைகள் போய்விடவில்லை. கூகுள் டாக்ஸ் கோப்பானால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யை, அதாவது கோப்பில் நடந்த மாற்றங்களின் பதிவைத் திறந்து பாருங்கள். யார் எதை எழுதினார், யார் அழித்தார் என்று பெயரோடு, வெவ்வேறு நிறத்தில் தெரியும். அந்தப் பெண் மறுபடி எழுதத் தேவையில்லை. எடுத்து அவளுடைய தாளில் ஒட்டிக்கொள்ளலாம். (அழித்தவனைத் திட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். ஃபோனில் விரல் பட்டாலே அழியும்.)

மதிப்பெண் விஷயம் இன்னும் எளிது. நீங்கள் எண்ணைத் தட்டியதும் அது வரைவாகத்தான் சேமிக்கப்படுகிறது. மாணவர் பெயரைக் குறியிட்டு 'ரிட்டர்ன்' (திருப்பிக் கொடு) கொடுத்தால்தான் அவர் கண்ணில் படும். 'ரிட்டர்ன்' கொடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. பிள்ளை 'டர்ன் இன்' (ஒப்படை) அழுத்தியதும் தாளின் உரிமை உங்களுக்கு வந்துவிடும். அவர் அதைப் பார்க்கலாம், திருத்த இயலாது. நீங்கள் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அது மீண்டும் அவருடையதாகிறது. திருத்திவிட்டுத் திருப்பித் தராத நோட்டுக் கட்டு மேசையிலேயே கிடப்பதைப் போல்தான் இதுவும். இடையில் பிழை கண்டு 'அன்சப்மிட்' செய்த, அதாவது ஒப்படைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிள்ளை மறுபடி ஒப்படைக்க மறந்துவிடுவது வாடிக்கை. கெடு தாண்டிக் கொடுத்தால் தாமதம் என்று பதிவாகும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாட்ஸ்அப் படங்களை ஏற்காதீர்கள். ஒருமுறை ஏற்றால் பிறகு எல்லோரும் அங்கேதான் அனுப்புவார்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற கணக்கு உங்கள் தலையில் விழும். கையால் எழுதியதையும் பணிக்குள்ளேயே இணைக்கலாம். ஆண்ட்ராய்டு ஃபோனில் கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதி பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். தனித்தனிப் படமாக வந்தால் பக்க வரிசை குழம்பும். எப்படி என்று வகுப்பில் ஒரு நாள் செய்து காட்டினால் போதும்.

மறுத்தும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிள்ளை இருந்தால், ஃபோனில் எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று கேளுங்கள். அம்மாவின் கணக்கில் நுழைந்தால் வகுப்பே தெரியாது. ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் வீடு திரும்பும் குடும்பங்களும் உண்டு. அதனால் மாலை 5 மணிக் கெடு வேண்டாம். நேரம் குறிக்காமல் தேதியை மட்டும் கொடுத்தால் கிளாஸ்ரூம் இரவு 11:59 வரை எடுத்துக்கொள்ளும்.