ஆடாதவன் பயிற்சியாளர் ஆக முடியுமா?

கேள்வி: என் மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் கணிதம் இறுதியாண்டு படிக்கிறான். மூன்று ஆண்டுகளாகக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஸ்டூடன்ட் மேனேஜர். பந்து பொறுக்கிப் போடுவதும், துண்டு மடிப்பதும், ஆட்டத்தைப் படம் பிடிப்பதும்தான் வேலை. காப்பீட்டு நிறுவனமொன்றில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கிராஜுவேட் அசிஸ்டென்டாக, அதாவது முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உதவுபவனாகச் சேர்ந்து பின்னாளில் பயிற்சியாளர் ஆகப்போவதாகச் சொல்கிறான். அணியில் ஒருநாளும் ஆடாதவனை யார் பயிற்சியாளராக்குவார்கள்? தடுப்பதா, விடுவதா?
- ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆக்கியிருக்கிறார்கள். அதுவும் உங்கள் மகன் இன்று பார்க்கும் அதே வேலையிலிருந்து வந்தவரை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பாப் நைட்டின் கூடைப்பந்து அணிக்கு மாணவ மேலாளராக இருந்த டஸ்டி மே, 2018இல் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். பெரிதாக யாரும் எதிர்பார்த்திராத அந்த அணி 2023இல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்து, அரையிறுதியின் கடைசி நொடியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மறு ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

ஆனால் அவர் பட்டம் பெற்றது 2000இல் என்பதைக் கவனியுங்கள். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில், முதல் சில ஆண்டுகள் அலுவலகத்திலும் வீடியோ அறையிலும் கழிந்தன. பிறகு ஐந்து பல்கலைக்கழகங்களில் துணைப் பயிற்சியாளராக ஊர் ஊராக மாறினார். இந்தத் தொழிலின் வழக்கமான பாதை இதுதான். பட்லர் பல்கலைக்கழகத்தின் பிராட் ஸ்டீவன்ஸ், மருந்து நிறுவன வேலையை விட்டுவிட்டு 2000இல் ஊதியமில்லாத தொண்டராகச் சேர்ந்து, 2007இல் முப்பது வயதிலேயே தலைமைப் பயிற்சியாளராகி, 2010, 2011 என அடுத்தடுத்த ஆண்டுகளில் அணியைத் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றது உண்மைதான் என்றாலும், அந்த ஏழு ஆண்டுக் கணக்கை உங்கள் மகன் தன் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீடியோ அறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலின் உண்மையான பள்ளிக்கூடம் அதுதான். அடுத்து மோதவிருக்கும் அணியின் நான்கைந்து ஆட்டங்களை இரவோடிரவாகப் பார்த்து, அவர்களுடைய பந்து நகர்த்துபவர் திரைத் தடுப்பை (சக வீரர் குறுக்கே நின்று எதிராளியை மறிப்பதை) கண்டதும் எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்தக் கையால் முடிக்கிறார் என்று துண்டு துண்டாக வெட்டி அடுக்கி, காலையில் வீரர்கள் வருவதற்குள் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த உழைப்பு தொலைக்காட்சியில் தெரியாது. அங்கே சலிப்பில்லாமல் உட்காருபவர்தான் இத்தொழிலில் நிலைப்பார். நீங்கள் துண்டு மடிக்கும் வேலை என்று வருந்தும் மூன்று ஆண்டுகளில் உங்கள் மகன் அந்த அறையையும் பார்த்திருப்பான். பார்த்த பிறகும் அதுதான் வேண்டுமென்கிறான் என்றால், அது விவரமறியாத ஆசை அல்ல.

கிராஜுவேட் அசிஸ்டென்ட் பணியில் பெரும்பாலும் முதுகலைக் கல்விக் கட்டணமும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். ஆகவே இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். எனக்குப் பெரிய கவலை அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியதுதான். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அவருடைய உதவியாளர்களும் பெரும்பாலும் வேலையிழப்பார்கள்; தவறே செய்யாத ஒருவர், ஆட்டப் பருவம் முடியும் மார்ச் மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு மாநிலத்துக்குப் போக நேரும். திருமணம், குழந்தைகள் என்று வரும்போது இதன் பாரம் கூடும். இதை அவனிடம் மறைக்காமல் பேசுங்கள்.

வாய்ப்புகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2023 முதல் முதல்நிலை (டிவிஷன் 1) கல்லூரி அணிகள் கூடுதலாக இரண்டு துணைப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்க அனுமதி கிடைத்திருப்பதால், யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு அணிகளில் தேவை வந்திருக்கிறது. கணிதம் படித்தவனுக்கு அது ஒரு நல்ல கதவு. மூன்றாம் நிலை (டிவிஷன் 3) சிறு கல்லூரிகளையும் அவன் ஒதுக்கக் கூடாது. அங்கே பணம் குறைவு, ஆனால் முதல் நாளிலிருந்தே வீரர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு உண்டு.

ஆகவே தடுக்காதீர்கள், ஆனால் சில நிபந்தனைகளோடு விடுங்கள். சேரப்போகும் தலைமைப் பயிற்சியாளரிடம் முன்பு இந்தப் பணியில் இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று அவன் விசாரிக்கட்டும். வளர்த்துவிடுபவரிடம் சேர்வது பெரிய பெயருள்ள கல்லூரியில் சேர்வதைவிட முக்கியம். காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிடுபவர்களுக்கான ஆக்சுவரி தேர்வுகளை வேலையில் இல்லாமலும் ஒவ்வொன்றாக எழுதலாம் என்பதால், அவற்றில் ஒன்றிரண்டையாவது இந்த இரண்டு ஆண்டுகளில் முடித்து வைக்கட்டும்.

முடிவு சொல்வதற்கு முன், அவன் வெட்டி வைத்திருக்கும் வீடியோத் துண்டுகளில் ஒன்றை உங்களுக்குப் போட்டுக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளர் என்பவர் அடிப்படையில் ஆசிரியர். கூடைப்பந்தே அறியாத உங்களுக்கு, அந்த வீரர் ஏன் அங்கே நின்றார் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டால், அவனை நம்பி அனுப்பலாம்.