நள்ளிரவில் ஒரு தெர்மாமீட்டர்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஏ.எல்.எல். என்ற பிளட் கேன்சருக்குச் சிகிச்சை தொடங்கி ஐந்து மாதமாகிறது. தேறி வருகிறாள் என்கிறார் டாக்டர். நான்தான் தேறவில்லை. ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். போன வாரம் மாத்திரையைத் துப்பிவிட்டாள் என்று கத்திவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். அவள் வயிற்றில் இருந்தபோது நான் ஏதாவது தப்பு செய்தேனா என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது. எல்லோரும் 'தைரியமா இரு' என்கிறார்கள். எப்படி? மூத்தவனுக்குப் பதினோரு வயது. இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை.
– பெயர் வேண்டாம்

பதில்: முதலில் அந்த வயிற்றில் இருந்தபோது விஷயம். எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் உருவாகும்போது மரபணுவில் நேரும் பிழைதான் ஏ.எல்.எல். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஏன் நேர்ந்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. காரணம் தெரியாமல் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் அம்மாக்கள் தாங்களே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் எழுதுவதை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த முறை, "நான் செய்த எதனாலாவது வந்ததா டாக்டர்?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். மகளைப் பார்க்கிறவர் வாயால் பதில் வந்தால் அதன் கனமே வேறு.

'தைரியமா இரு' என்பது பெரும்பாலும் சொல்கிறவருக்குத்தான் ஆறுதல். அமெரிக்காவில், குழந்தைக்குப் புதிதாகக் கேன்சர் கண்டறியப்பட்ட 430 அம்மாக்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரு மணி நேர வகுப்புகள் எட்டு. அதில் சொல்லிக்கொடுத்தது தைரியத்தை அல்ல, சிக்கலை அவிழ்க்கும் முறையை. இப்போது குறிப்பாக எது சிக்கல், அதற்கு என்னென்ன செய்யலாம், எது தோது, செய், பலித்ததா என்று பார். இவ்வளவுதான். வகுப்புக்குப் போனவர்களின் மன உளைச்சல் போகாதவர்களைவிடக் குறைந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 'என் குழந்தைக்குக் கேன்சர்' என்பதை எந்த அம்மாவாலும் தூக்க முடியாது. 'இன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது' என்பதைத் தூக்கலாம்.

உங்கள் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. கீமோவால் கவுண்ட் (ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) இறங்கியிருக்கும்போது காய்ச்சல் வந்தால் அது அவசரம்தான். ஆனால் உள்ளங்கைக்கு 99-க்கும் 100.4-க்கும் வித்தியாசம் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் சுத்தமாகத் தெரியாது. அதனால் வார்டில் கேளுங்கள்: எப்போதெல்லாம் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும், எத்தனை டிகிரியில் கூப்பிட வேண்டும் (பல இடங்களில் 100.4 ஃபாரன்ஹீட்), ராத்திரிக்கு எந்த எண், கூப்பிடுவதற்கு முன் காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா. கடைசிக் கேள்வி முக்கியம். பல டாக்டர்கள் கொடுக்காதே என்பார்கள். பதிலைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கம் ஒட்டுங்கள். ஃபைல், கடைசி ரத்த ரிப்போர்ட், மாற்றுத்துணி எல்லாம் ஒரு பையில் வாசல் பக்கம் தயாராக இருக்கட்டும். அப்புறம் இரவைப் பங்கு போடுங்கள். இரண்டு மணிவரை கணவரோ வீட்டில் இன்னொருவரோ, அதற்குமேல் நீங்கள். அவர் உங்களைப் போலப் பார்க்கமாட்டார்தான். பரவாயில்லை, தெர்மாமீட்டர் யார் வைத்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

கத்தியது பற்றி. அது ஸ்டீராய்டு ஓடிய வாரமா என்று காலண்டரைப் பாருங்கள். அந்த நாட்களில் குழந்தைகள் எரிந்து விழுவார்கள், ஓயாமல் பசிக்கும், தூக்கம் கெடும். அது பிடிவாதம் இல்லை, மருந்து. அடுத்த சுற்றுத் தேதிகளை முன்கூட்டியே வட்டமிட்டு வையுங்கள். அந்த வாரத்தில் விருந்தாளிகளோ வேறு வேலைகளோ வேண்டாம். துப்பிய மாத்திரையைத் திரும்பக் கொடுக்கலாமா, திரவமாகக் கிடைக்குமா என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்காமல் வீட்டில் பொடிக்காதீர்கள். மகளிடம், "அம்மா கத்தினது தப்பு, உன்மேல கோபம் இல்லை" என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஆறு வயதுக்கு அது புரியும்.

இந்தச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடும். அத்தனை நாளும் ஒவ்வொரு போனுக்கும் நீங்களே ரிப்போர்ட் வாசிக்க வேண்டாம். ஒரே ஒருவரை நியமித்து, எல்லோரும் அவரிடம் கேட்கட்டும்.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். இரவில் ஆள் மாற்றி ஆள் மகளைப் பார்த்துக்கொண்டும் இரண்டு வாரமாகத் தூக்கமே வரவில்லை, எதிலும் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றைக்கே பாருங்கள். உங்களால் கேட்க முடியாவிட்டால் மகளின் டாக்டரிடமே சொல்லுங்கள், அவர் அனுப்பிவைப்பார்.

மூத்தவனுக்கு வருகிறேன். தங்கையோடு என்றைக்கோ போட்ட சண்டையால் வந்ததோ, தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அந்த வயதுப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். அம்மா ஏற்கெனவே அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். இன்று படுக்கப் போகுமுன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது உன்னால வரலை, உனக்கு ஒட்டாது" என்று சொல்லுங்கள். அவன் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.