திறந்த கதவும் தேறியவர் கணக்கும்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் பகுதியின் சமுதாயக் கல்லூரி அடுத்த பத்தாண்டுகளுக்கான இலக்குகளை வகுத்து, வரைவை ஊர்மக்களின் கருத்துக்கு வைத்திருக்கிறது. அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டம். நானும் அங்கே ஒரு பருவம் கணக்குப்பதிவியல் படித்தவள் என்பதால் பேசலாம் என்றிருக்கிறேன். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வது ஓர் இலக்கு. பட்டம் பெறுவோரின் விகிதத்தை உயர்த்துவது மற்றோர் இலக்கு. வடிகட்டாமல் சேர்த்தால் தேர்ச்சி குறையத்தானே செய்யும்? இரண்டில் ஒன்றைத்தான் ஒரு கல்லூரி உண்மையாகச் செய்ய முடியும் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் ஐயத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். இரண்டு இலக்குகளும் மோதிக்கொள்வது உண்டு. ஆனால் அந்த மோதல் பெரும்பாலும் யாரைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதில் தொடங்குகிறது, மாணவரின் தகுதியில் அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சமுதாயக் கல்லூரி என்றதும் ஒரு தொழிலைக் கற்றுத்தரும் குறுகிய காலப் பட்டயப் படிப்புதான் நம் நினைவுக்கு வரும். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டதிலிருந்து நம்முடையவை பெரும்பாலும் அவ்வழியில் வளர்ந்தவை. கலிஃபோர்னியாவின் கதை வேறு. 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி முடிப்பவர்களில் தரவரிசையின் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தையும், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தையும் வகுத்துவிட்டு, படித்துப் பயன்பெறக்கூடிய எவருக்கும் சமுதாயக் கல்லூரியைத் திறந்துவிட்டது. அங்கே முதல் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். இன்று அங்கே 116 கல்லூரிகள், ஏறக்குறைய 20 லட்சம் மாணவர்கள். மாநிலத்தில் வசிப்போருக்கு யூனிட்டுக்கு (ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர் கட்டணம்.

வாசற்கதவு திறந்திருந்தது உண்மைதான், ஆனால் உள்ளே இன்னொரு கதவு இருந்தது. பல்லாண்டுக் காலம், சேர வந்த மாணவரை ஒரு கணினியின் முன் உட்காரவைத்து ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தரம்பிரிக்கும் தேர்வு வைத்தார்கள். பள்ளியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும், பின்னங்களைக் கூட்டுவது மறந்திருக்கும், இந்தச் சிறிது நேரம் தன்னுடைய அடுத்த இரண்டு ஆண்டுகளைத் தீர்மானிக்கப்போகிறது என்பது பலருக்குத் தெரிந்தும் இருக்காது. மதிப்பெண் குறைந்தால், பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகள்: ஒரு பருவம், இரண்டு பருவம், சிலருக்கு அதற்கும் மேல். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறி அடுத்த படிக்கு வந்துவிடுகிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று படிகள் தாண்டும்போது எஞ்சுவது 34 பேர். ஆசிரியர் நன்றாகத்தான் நடத்தியிருப்பார், மாணவரும் முயன்றுதான் இருப்பார். படிகளின் எண்ணிக்கையே ஆளைத் தின்றுவிடுகிறது. 2017இல் நிறைவேறிய ஏபி 705 என்ற சட்டம், பள்ளியில் எடுத்த மதிப்பெண்களையே முதன்மையாகப் பார்த்து, ஓராண்டுக்குள் பல்கலைக்கழகத் தரத்து ஆங்கிலத்தையும் கணிதத்தையும் முடிக்கும் வாய்ப்பு மிகுதியாக இருக்கும்படி மாணவரை வகுப்பில் அமர்த்த வேண்டும் என்று கல்லூரிகளுக்கு விதித்தது. நேரடியாக அவ்வகுப்பில் உட்கார்ந்து முடித்தவர்களின் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது. உட்கார்ந்து தோற்றவர்களும் உண்டு, அவர்களுக்கான துணை வகுப்புகள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சிலர் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆயினும் பழைய முறையில் தோற்றவர்கள் அந்த வகுப்பின் வாசலைக்கூடப் பார்க்காமல் போனவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே 2017இல் அம்மாநிலக் கல்லூரிகள் அனைத்துக்குமாகச் சில இலக்குகள் வகுக்கப்பட்டன. பட்டமும் சான்றிதழும் பெறுவோரை 20 விழுக்காடும், பல்கலைக்கழகங்களுக்கு மாறிச் செல்வோரை 35 விழுக்காடும் கூட்டுவது, இனக்குழுக்களுக்கிடையே உள்ள இடைவெளியை ஐந்தாண்டில் 40 விழுக்காடு குறைத்துப் பத்தாண்டில் ஒழிப்பது என்று அவை போகும். எனக்குப் பிடித்தது யாரும் மேடையில் பேசாத ஒன்று: பட்டம் பெறுபவர் சேர்த்திருக்கும் சராசரி யூனிட்டுகளை 87இலிருந்து 79 ஆகக் குறைப்பது. அங்கே தரும் இரண்டாண்டுப் பட்டத்துக்குத் தேவை 60 யூனிட்டுகள்தான். எஞ்சிய 27 என்பது ஏறத்தாழ ஒன்பது பாடங்கள். எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று சொல்ல ஆளில்லாமல், கிடைத்த வகுப்பில் உட்கார்ந்து கழித்த பருவங்கள். கட்டணம் குறைவுதான், அந்த மாதங்களுக்கான வீட்டு வாடகை குறைவல்ல.

அந்தப் பட்டியலில் ஒரு குறை இருந்தது. எத்தனை பேர் உள்ளே வர வேண்டும் என்று அதில் தனி இலக்கு இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் எண்ணிக்கை சரிந்தபோது அது உறைத்தது. நெருக்கடி மிகுந்தவர்கள் முதலில் விலகிக்கொண்டால், எஞ்சியவர்களின் தேர்ச்சி விகிதம் எந்த முயற்சியும் இல்லாமலே ஏறிவிடக்கூடும். கேரளத்தில் பிறந்த சோன்யா கிறிஸ்டியன் 2023இல் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் அனைத்துக்குமான அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் வெளியான 2030ஆம் ஆண்டுக்கான திட்டம், சேர்க்கையில் சமவாய்ப்பையும் ஓர் இலக்காகவே வைத்தது. உங்கள் கணவரின் கேள்விக்கு ஒரு பகுதி விடை இதில் இருக்கிறது: இரண்டையும் ஒரே தாளில் எழுதினால்தான் ஒன்று மற்றொன்றை ஏமாற்றாமல் இருக்கும்.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். அமெரிக்க நடுவண் அரசு நெடுங்காலமாக வெளியிட்டுவரும் பட்டம்பெறுவோர் விகிதம், முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரண்டாண்டுப் பட்டத்தை மூன்றாண்டுக்குள் முடித்தாரா என்று பார்க்கும். சமுதாயக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் பகுதிநேர மாணவர்கள். அந்த எண்ணுக்குள் அவர்கள் இல்லவே இல்லை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஏசாப் என்ற திட்டத்தைப் பற்றிச் சொன்னால் உங்கள் கணவர் ஒருவேளை இணங்குவார். உதவித்தொகை போகக் கட்டணத்தில் எஞ்சும் தொகையைத் தள்ளுபடி செய்தார்கள், பாடநூலுக்கு உதவினார்கள், சுரங்க ரயிலிலும் பேருந்திலும் செல்ல அட்டை கொடுத்தார்கள், ஒவ்வொரு மாணவரையும் அடிக்கடி சந்திக்கும்படி ஆலோசகருக்குக் குறைந்த எண்ணிக்கையிலான மாணவர்களை ஒப்படைத்தார்கள். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காடு, வெளியே இருந்தோரில் 22 விழுக்காடு. இரு குழுவிலும் ஒரே விதமான மாணவர்கள், யாரையும் வடிகட்டவில்லை. ஒரு மாணவருக்கான செலவு கூடியது, ஆனால் ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை என்பதால், நாள் முழுதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது இன்னும் எட்டாக்கனிதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, உறவுக்காரப் பெண் ஒருத்தியை மாலை வகுப்பில் விட்டுவிட்டு அப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். வகுப்பு ஆறரை மணிக்கு. கிடங்கு வேலையின் மஞ்சள் மேற்சட்டையைக் கழற்றாமலே வந்த இளைஞன் ஒருவன், இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தபடி, உதவித்தொகை அலுவலகத்தின் மூடிய சாளரத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தான். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று அதில் இருந்தது. கையிலிருந்த படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். அந்தக் கல்லூரியின் இலக்குப் பலகை அதே சுவரில் பத்தடி தள்ளி மாட்டப்பட்டிருந்தது.

ஆகவே நீங்கள் கூட்டத்தில் தத்துவம் பேச வேண்டியதில்லை. பகுதிநேர மாணவரைத் தனியாக எண்ணுவீர்களா, ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள், இரவு வகுப்பு நடக்கும் நாட்களில் எந்தெந்தச் சாளரம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். விடைகளை வரைவில் எண்களாக எழுதச் சொல்லுங்கள். கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் இந்த மாணவர்களில் பாதிப்பேர் வேலையில் இருப்பார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.