ரோடோடென்ட்ரான் செடிக்குச் சாம்பல் வேண்டாம்

கேள்வி: ஐயா, கடுங்குளிர் தாங்கும் வகை என்று கேட்டு வாங்கிய ரோடோடென்ட்ரான் பூச்செடிக் கன்றை, வீட்டுச் சுவரோரம் ஆழக் குழி எடுத்து நட்டேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன. அடுப்புச் சாம்பல் போட்டு, மாதம் ஒருமுறை அடியைக் கொத்தியும் விடுகிறேன். உறைபனிக் காலத்தில் இலைகள் சுருண்டு தொங்குகின்றன. போன இலையுதிர் காலத்தில் கிளை நுனிகளை வெட்டினேன். இந்த ஆண்டு ஒரு பூகூட வரவில்லை. செடி பிழைக்குமா?

பதில்: பிழைக்கும். ஆனால் இன்றோடு சாம்பலை நிறுத்திவிடுங்கள். வேறு பல செடிகளுக்கு நல்லது செய்யும் சாம்பல் இதற்குக் கேடு. ரோடோடென்ட்ரான் புளிப்பு மண்ணில், அதாவது அமில மண்ணில் வாழும் செடி. மண்ணின் கார அமில நிலை (pH) 4.5 முதல் 6 வரை இருந்தால்தான் அதன் வேர் இரும்புச் சத்தை எடுக்கும். சாம்பல் காரத்தன்மை உள்ளது. சுவரின் சுண்ணாம்புக் காரையும் மழையில் கரைந்து அதே மண்ணில்தான் இறங்குகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள் என்ற நீங்கள் சொல்லும் அடையாளம் அந்தக் குறையைத்தான் காட்டுகிறது. இரும்புச் செலேட் (செடி எளிதில் எடுக்கும் இரும்புச் சத்து) கரைசலைத் தெளித்தால் இலை தற்காலிகமாகப் பச்சை பிடிக்கும். மண் மாறாதவரை மஞ்சள் திரும்பிவிடும்.

ஆகவே செடியை இடம் மாற்றுவதே சரி. பயப்பட வேண்டாம். இதற்கு ஆணிவேர் ஆழமாக ஓடுவதில்லை. தலைமுடி போன்ற சல்லிவேர்கள் மேல்மண்ணிலேயே பாய்போலப் பின்னிக் கிடக்கும். வேர்மண் கட்டி உடையாமல் தூக்கினால், வளர்ந்த செடியும் புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். குளிர் கடுமையான இடமென்றால் வசந்தத்தின் தொடக்கத்தில் செய்யுங்கள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும், குளிர்காற்று நேராக அடிக்காத இடமாகப் பாருங்கள்.

குழியை அகலமாக எடுங்கள், ஆழமாக வேண்டாம். வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும். எடுத்த மண்ணோடு இலைமக்கும் மக்கிய மரப்பட்டையும் கலந்துகொள்ளுங்கள். கட்டியின் மேற்பரப்பு தரைமட்டத்திலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்தே நிற்க வேண்டும். இதில் மட்டும் கவனம் தவறாதீர்கள். ஆழத்தில் புதைந்த வேர் காற்றில்லாமல் அழுகிவிடும். தொட்டியிலிருந்து எடுத்து அப்படியே நட்டிருந்தால், வேர்கள் இன்னும் தொட்டியின் வடிவிலேயே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாவிட்டால் கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு கீறல் போடுங்கள். உங்கள் தோட்டம் முழுவதுமே சுண்ணாம்பு மண் என்றால் அதைப் புளிப்பாக்கக் கந்தகம் போட்டுப் போராடிப் பயனில்லை. பெரிய தொட்டியில் அமில மண் கலவை நிரப்பி வளர்ப்பதே நல்லது.

களைக்கொத்து இனி அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒவ்வொரு கொத்தும் உணவு எடுக்கும் வேரை அறுக்கிறது. பைன் ஊசியிலையையோ மரப்பட்டையையோ மூன்று அங்குல மூடாக்காகப் போட்டு, தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். அதையும் மீறி வரும் களையைக் கையால் பிடுங்கிவிடலாம். பாய்ச்சுவதற்கு மழைநீரைச் சேர்த்து வையுங்கள். உப்புக் கடினநீர் சுண்ணாம்பைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

உறைபனியில் இலை சுருள்வது நோயல்ல. குளிர் ஏற ஏற இலை தாழ்ந்து, சுருட்டுபோல உருண்டு, தன்னைக் காத்துக்கொள்கிறது. வெயில் வந்ததும் விரியும். தரை உறைவதற்கு முன் ஒருமுறை நன்றாக நீர் பாய்ச்சினால் போதும். கோடையில் மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது வேரழுகலாக இருக்கலாம்.

பூ வராததற்குக் காரணம் உங்கள் கவாத்து. அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளைச் செடி முந்தைய கோடையிலேயே கட்டிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் நுனியைத் தொட்டுப் பாருங்கள்: மெலிந்து கூராக இருப்பது இலைமொட்டு, உருண்டு திரண்டு இருப்பது பூமொட்டு. அந்த உருண்டைகளைத்தான் வெட்டி எறிந்திருக்கிறீர்கள். இனி வெட்டுவதானால் பூத்து முடிந்த உடனே வெட்டுங்கள். வாடிய பூங்கொத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் மளுக்கென்று ஒடியும். அதன் அடியிலேயே பிசுபிசுப்பான இளமொட்டுகள் இருக்கும். அவை நசுங்கக் கூடாது.

ஒடித்த கிளைகளையும் இலைகளையும் ஆட்டுப்பட்டிப் பக்கம் போட்டுவிடாதீர்கள். ரோடோடென்ட்ரான் இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் நஞ்சு.