மகனின் உருண்டைச் செங்குழியங்கள்: வெள்ளவத்தைச் சகோதரிக்கு

சகோதரி, நான்கு வயது மகனின் அறிக்கையில் அங்கிரின் குறைபாடு என்றிருப்பதைப் பார்த்து, சாப்பாட்டில் குறை வைத்துவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. இது மரபணுவில் வருவது.

குருதியிலுள்ள செங்குழியத்தின் சவ்வை, அதாவது மெல்லிய வெளியுறையை, உள்ளிருக்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலையோடு பிணைத்து வைத்திருக்கும் புரதம்தான் அங்கிரின். அது குறைந்தால் சவ்வு சிறிது சிறிதாக உதிர்ந்து, தட்டையான குழியம் உருண்டையாகிறது. மண்ணீரலின் ஒடுங்கிய இடுக்குகளில் வளைந்து நுழைய முடியாமல் அழிகிறது. அழியும் குழியங்களிலிருந்து வரும் மஞ்சள் நிறப்பொருளால்தான் கண் மஞ்சளிக்கிறது.

அயலவர் பேச்சைக் கேட்டு இரும்புக் குளிசை கொடுக்காதீர்கள். ஃபோலிக் அமிலம் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மண்ணீரலை அகற்ற இந்த வயதில் அவசரப்படவே வேண்டாம். ஆனால் காய்ச்சலோடு பிள்ளை வெளிறிச் சோர்ந்தால் அன்றே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அப்படிக் காய்ச்சலைத் தரக்கூடிய பார்வோ என்ற வைரஸ் செங்குழிய உற்பத்தியையே சில நாட்கள் நிறுத்திவிடும். இது மரபணுவில் வருவதால், உங்கள் குருதியையும் பிள்ளையின் தந்தையின் குருதியையும் சோதித்துப் பாருங்கள்.