கோழி நோய்க்காகப் பதினோரு ஆண்டுப் படிப்பா? அல்சூர் அம்மா ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்திருந்தபோது, உங்கள் மகள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "கம்ப்யூட்டர் வேலைக்காக ஊர் உலகமே பெங்களூருக்கு வருகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், கோழிக்கு வரும் வைரஸைப் படிக்கப் போகிறேன் என்கிறாள். நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வது?" அவள் உடனே திரும்பி வந்துவிட்டதால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

நாலு பேரை அப்புறம் பார்ப்போம். முதலில் அவளுடைய கேள்வியைப் பாருங்கள். ராசிபுரத்தில் உங்கள் அண்ணன் பண்ணையில் விடுமுறைக்குப் போயிருந்தபோது, தடுப்பு மருந்து கொடுத்த கோழிகளே வெள்ளைக்கழிச்சலில் செத்ததைப் பார்த்திருக்கிறாள். "மருந்து கொடுத்தும் ஏன் மாமா செத்தது?" என்று கேட்டிருக்கிறாள். "அது அப்படித்தான்" என்று மாமா சொல்லிவிட்டார். அந்தப் பதிலோடு அவள் மனம் அடங்கவில்லை. இரண்டாம் ஆண்டு பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் மாணவர்கள் எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எந்தப் படிப்பு என்று கேட்பவர்களே அதிகம். இப்படி ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்கள் அபூர்வம்.

அவள் கேட்டது உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி. வெள்ளைக்கழிச்சலை நம் நாட்டு மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் அடையாளம் காணப்பட்ட நோய் அது. இந்தியாவில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இங்கே அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. தடுப்பூசியும் புதிதல்ல. முக்தேசுவரில் உருவான ஆர்-2-பி ஊசி 1940களிலிருந்து இருக்கிறது. குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு விடும் லசோட்டாவை உங்கள் அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இவ்வளவும் இருந்தும் ஏன் சாகிறது?

காரணம் ஒன்றல்ல. நோயை எதிர்க்கத் தாய்க்கோழியின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. அது உடம்பில் நிறைய இருக்கும் நாட்களில் சொட்டு மருந்து விட்டால், குஞ்சைக் காக்க வந்த அந்த எதிர்ப்பொருளே மருந்திலுள்ள உயிருள்ள வைரஸை அடக்கிவிடும். தாமதித்தால், இடையில் பண்ணைக்குள் நுழையும் நோய் முந்திக்கொள்ளும். குளோரின் கலந்த தண்ணீரில் மருந்தைக் கலந்தால் வைரஸ் அங்கேயே செத்துவிடும். குடிநீரில் பால் பவுடர் கலப்பது அதைத் தடுக்கத்தான். மருந்துக் குப்பி ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் அரை நாள் கிடந்தாலும் அதே கதி.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. கோழியின் எச்சவாய்க்கு மேலே சிறிய பை போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஃபேப்ரீசியஸ் பை என்று அதற்குப் பெயர். நூற்றாண்டுகளாக அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் சில கோழிகளுக்கு அதை வெட்டி எடுத்து வைத்திருந்தார். திமத்தி சாங் என்ற சக மாணவர், எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பில் காட்டுவதற்காக அந்தக் கோழிகளை வாங்கிப்போய் ஊசி போட்டார். எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. பையில்லாத கோழிக்கு அந்த ஆற்றலே இல்லை என்பது அப்படித்தான் தெரிய வந்தது. 1956இல் அதைக் கோழியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இன்று மனித மருத்துவத்தில் எதிர்ப்பொருளைச் சுரக்கும் அணுக்களை 'பி' அணுக்கள் என்கிறோமே, அந்த 'பி' இந்தப் பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. உங்கள் குழந்தைக்குப் போட்ட ஒவ்வொரு தடுப்பூசியும் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவில் ஒரு கோழிக்குப் பங்கு இருக்கிறது, அம்மா.

கோழிக்குஞ்சுகளுக்கு வரும் கம்போரோ நோயின் வைரஸ் தாக்குவது இந்தப் பையைத்தான். மூன்று வாரத்துக்குள் தாக்கினால் குஞ்சு சாகாமல் தப்பிவிடலாம். வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தடுப்பு மருந்து கொடுத்தாலும் உடம்பு சரியாகப் பதில் தராது. வெள்ளைக்கழிச்சலில் செத்த கோழிக்கு உண்மையில் கெட்டுப்போனது முதல் மாதத்திலேயே இருக்கலாம். ராசிபுரத்தில் எது நடந்தது என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கற்கத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள். கோழியின் கட்டி ஒன்று வைரஸால் பரவுகிறது என்று 1911இல் காட்டிய பெய்டன் ரௌஸுக்கு 1966இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் மாரெக் நோய்க்கு 1970 வாக்கில் வந்த தடுப்பூசிதான், புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் தடுப்பூசி. நாலு பேர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி வழி. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: முதலில் கால்நடை மருத்துவப் பட்டம், அதாவது பி.வி.எஸ்சி. உறவினர் ஒருவர், மூன்று ஆண்டில் பயோடெக்னாலஜி பட்டம், இரண்டு ஆண்டில் முதுகலை, பிறகு பிஎச்.டி. என்று சுருக்கு வழி சொன்னதாகக் கூறினீர்கள். அது தவறான வழி அல்ல. வைரஸின் புரதத்தை ஆராய விரும்புகிறவருக்கு அது பொருந்தும். உங்கள் மகளின் கேள்வி கொட்டகையில் பிறந்தது. பி.வி.எஸ்சி. இல்லாமல் அதன் மேற்படிப்பான எம்.வி.எஸ்சி. சேர முடியாது, மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது, கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பணிகள் பலவற்றுக்கும் கதவு திறக்காது. செத்த கோழியை அறுத்து, இரைப்பையில் இருக்கும் ரத்தப் புள்ளிகளையும் வீங்கிய பையையும் தன் கண்ணால் பார்த்தவர் ஆய்வகத்தில் கேட்கும் கேள்வியே வேறு.

பி.வி.எஸ்சி. ஐந்தரை ஆண்டு, பயிற்சிக் காலம் சேர்த்து. அவள் முழுக்கப் பெங்களூரிலேயே படித்தவள் என்பதால் கே.சி.இ.டி. என்ற கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகக் கர்நாடக ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஹெப்பாள் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து பஸ் போகும் தூரம்தான். நீட் மதிப்பெண்ணையும் விட்டுவிட வேண்டாம், அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்கள் அதன் வழியாக நிரம்புகின்றன. நாமக்கல் கல்லூரியில் சேர்த்தால் அண்ணன் வீடு பக்கம் என்று நினைக்கிறீர்கள். நல்ல கல்லூரி, கோழிப் பண்ணைகளின் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் சொந்த ஊர் அங்கே என்பதால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. இருப்பிடச் சான்று விதியை அந்த ஆண்டின் கையேட்டில் வரிவிடாமல் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அதன்பின் எம்.வி.எஸ்சி. இரண்டு ஆண்டு, நுண்ணுயிரியல், நோயியல், கோழியியல் இவற்றில் ஒன்று. பிறகு பிஎச்.டி. மூன்று நான்கு ஆண்டு. கூட்டினால் பதினோரு ஆண்டு, கையில் பட்டம் வரும்போது வயது இருபத்தொன்பது. இதை மறைத்து உங்களிடம் பேச நான் விரும்பவில்லை. எதிர்வீட்டுப் பையன் இருபத்திரண்டில் சம்பளம் வாங்குவான். ஆனால் பதினோரு ஆண்டும் உங்கள் கைக்காசு போகாது. பி.வி.எஸ்சி. முடித்ததுமே வேலைக்குப் போகத் தகுதி வந்துவிடும். தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023இல் உயர்த்திய கணக்கின்படி மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. உதவிப் பேராசிரியர் பணியின் அடிப்படைச் சம்பளம் 57,700இல் தொடங்குகிறது. தடுப்பூசி நிறுவனங்களும் பெரிய கோழி நிறுவனங்களின் ஆய்வகங்களும் தனி.

இந்தத் துறைக்கு ஊரை விட்டே போக வேண்டும் என்ற உங்கள் பயமும் முழுக்க உண்மையல்ல. எலகங்காவில் தேசிய கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. எந்த நோய் எந்த மாவட்டத்தில் எப்போது வரக்கூடும் என்று கணித்து முன்னெச்சரிக்கை தருகிறவர்கள் அவர்கள். கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் கைவரிசை உள்ள பெண்ணுக்கு அங்கே நிறைய வேலை உண்டு. பெங்களூரில் வளர்ந்தது வீணாகாது.

பறவைக் காய்ச்சல் பற்றியும் கேட்டீர்கள். 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் அது வந்தபோது தொலைக்காட்சியில் பார்த்த காட்சிகளை இன்னும் மறக்கவில்லை என்றீர்கள். அந்த வைரஸை உயிரோடு கையாளுவது போபாலில் இருப்பது போன்ற உயர் பாதுகாப்பு ஆய்வகங்களில்தான். மாணவர்களின் வகுப்பறையில் அல்ல. ராணிக்கெட் வைரஸ் கண்ணில் தெறித்தால் சில நாள் கண் சிவந்து வீங்கும். கண்ணாடியும் கையுறையும் போடும் பழக்கம் வந்துவிட்டால் அதற்கு மேல் கவலை வேண்டாம்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. இந்தப் படிப்பில் உயிரைக் காப்பாற்றுவதோடு உயிர் போவதையும் நிறையப் பார்க்க வேண்டும். கரு வளரும் கோழி முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வளரும் கருவுக்குள் வைரஸைச் செலுத்தி, கரு இறக்கிறதா என்று தினமும் கவனிப்பது அன்றாட வேலை. மனம் இளகியவர்கள் இதற்கு ஆகாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களே கவனமாகச் செய்கிறார்கள். ஆனால் அவள் அதை முன்பே தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஆகவே கல்லூரி பற்றி இப்போது அவளிடம் வாதாட வேண்டாம். தசரா விடுமுறையில் பத்து நாள் ராசிபுரத்துக்கு அனுப்புங்கள், விருந்தாளியாக அல்ல. காலையில் கொட்டகைக்குள் போகட்டும். செருப்பை மாற்றி, கிருமிநாசினியில் கால் நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், ஒரு பண்ணையிலிருந்து நேராக இன்னொரு பண்ணைக்குப் போகக் கூடாது. கால்நடை மருத்துவர் வரும் நாளில் செத்த கோழியை அறுக்கும்போது பக்கத்தில் நிற்கட்டும். ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்: குஞ்சு வந்த நாள், மருந்து கொடுத்த நாள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, குப்பி எத்தனை நேரம் வெளியே இருந்தது, எந்தக் கொட்டகையில் எத்தனை செத்தன.

திரும்பியதும் அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள். பி.யு.சி. மதிப்பெண் பட்டியலை அன்றைக்குப் பார்க்க மாட்டேன். அந்த நோட்டை மட்டும் அவளோடு உட்கார்ந்து படிக்கிறேன்.