பெப்ரா ஜங்ஷன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜெர்மன் ரயில் ஊர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் பாதிக் கடிதங்கள் பெப்ராவைப் பற்றியே வந்தன. எனக்கு மிகவும் பிடித்த ஊர். அதனால் இந்த முறை அது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: பெப்ரா எங்கே இருக்கிறது? பெரிய ஊரா?

ப: ஹெஸ்ஸன் மாநிலத்தின் வடகிழக்கில், ஃபுல்டா ஆற்றங்கரையில். மக்கள்தொகை சுமார் 14,000. ரயில் வரும் முன் அது வெறும் கிராமம். நகர அந்தஸ்து கிடைத்ததே 1935இல்தான். வடமேற்கே காஸல், தெற்கே ஃபுல்டா, கிழக்கே ஐசனாக், வடக்கே கோட்டிங்கன் என நான்கு பக்கமும் பாதை பிரிகிறது.

கே: பக்கத்திலேயே ஹெர்ஸ்ஃபெல்ட், ரோட்டன்பர்க் என்று பழைய நகரங்கள் இருக்கும்போது ஜங்ஷனை ஏன் ஒரு கிராமத்தில் வைத்தார்கள்?

ப: நிலத்தின் அமைப்புதான் காரணம். காஸலிலிருந்து ஃபுல்டா ஆற்றை ஒட்டியே வந்த பாதை, கிழக்கே வெர்ரா பள்ளத்தாக்குக்குப் போக எங்காவது மலையைத் தாண்டியாக வேண்டும். ஹோனபாக் மேட்டைத் தாண்டும் வழிக்கு வாசலாக பெப்ரா அமைந்துவிட்டது.

அன்று அது ஹெஸ்ஸன்-காஸல் என்ற தனி நாடு. அதன் இளவரசர் பெயரைத் தாங்கிய ஃபிரெடரிக் வில்ஹெல்ம் வடக்கு ரயில்வே 1848இல் பெப்ராவுக்கு வந்தது. காஸலின் ஹென்ஷல் தொழிற்சாலை முதன்முதலாகச் செய்த ரயில் இன்ஜின், 'டிராகே' என்று பெயர், இந்தக் கம்பெனிக்காக அதே ஆண்டில் செய்ததுதான். 1849இல் பாதை கெர்ஸ்டுங்கன் வரை நீண்டு துரிங்கியா ரயில்வேயோடு சேர்ந்தது.

ஆனால் அப்போது பெப்ரா வழியில் வரும் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். ஃபிராங்க்பர்ட்டிலிருந்து பெர்லினுக்குப் போகிறவர்கள் மார்பர்க் வழியாகக் காஸல் பக்கம் வரை ஏறிப்போய், மறுபடி பெப்ராவுக்கு இறங்கி வரவேண்டியிருந்தது. இந்தச் சுற்றை ஒழித்தது, 1866 முதல் 1868 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட பெப்ரா–ஹனாவ் பாதை. வேலை நடக்கும்போதே நாடு கைமாறியது. 1866 போரில் வென்ற பிரஷ்யா ஹெஸ்ஸன்-காஸலை விழுங்கிக்கொண்டது. 1876க்குள் கோட்டிங்கன் பக்கமும் பாதை முடிய, உண்மையான ஜங்ஷன் பிறந்தது.

கே: ஃபிராங்க்பர்ட்–பெர்லின் வண்டிகள் பெப்ராவில் திசை மாறும் என்று படித்தேன். ஏன் அப்படி?

ப: இது புரிந்தால் பெப்ராவின் கதையில் பாதி புரிந்த மாதிரி. கிழக்கே போகும் பாதை காஸல் வண்டிகளுக்காகப் போட்டது. அவை வடக்கு முனையில் நுழைந்து தெற்கு முனையில் வெளியேறி, வளைந்து கிழக்கே போகும். பிறகு வந்த ஃபிராங்க்பர்ட் பாதையும் அதே தெற்கு முனையில்தான் வந்து சேர்ந்தது. ஆகவே ஃபிராங்க்பர்ட்டிலிருந்து வரும் வண்டி பெர்லின் போக வேண்டுமானால், இன்ஜினைக் கழற்றி, மறுமுனையில் வேறொன்றை மாட்டி, வந்த பக்கமே கிளம்ப வேண்டும். அந்த நிற்கும் நேரம்தான் பெப்ராவுக்குச் சோறு போட்டது. இன்ஜின் ஷெட், ஷண்டிங் ஆட்கள், ஸ்டேஷன் உணவகம் எல்லாம் அதை நம்பி வளர்ந்தவை.

முதல் உலகப் போரையொட்டி, ஊரின் தெற்கே இரு பாதைகளையும் நேராக இணைக்கும் 'பெர்லின் வளைவு' போடப்பட்டது. பெப்ராவுக்குள் நுழையாமலே போக வழி வந்துவிட்டது. இந்த வளைவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கே: பேங்கர் இன்ஜின்கள் அங்கே எதற்கு?

ப: ஹோனபாக் பக்கமும் ஏற்றம், கோட்டிங்கன் பாதையில் கோர்ன்பெர்க் பக்கமும் ஏற்றம். கனமான கூட்ஸ் வண்டியை முன் இன்ஜின் மட்டும் இழுக்காது. பின்னாலிருந்து இன்னொன்று உச்சி வரை தள்ளிவிட்டு, தனியாக பெப்ரா திரும்பும். அடுத்த வண்டிக்கு மறுபடி அதே வேலை.

கே: நாஜி காலத்தில் அங்கே என்ன நடந்தது?

ப: பெப்ராவில் ஒரு யூத சமூகம் வாழ்ந்தது. 1938 நவம்பர் 9 இரவில் ஜெர்மனி முழுக்க யூதர்கள் தாக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். காஸல், பெப்ரா, ரோட்டன்பர்க் பகுதியில் வன்முறை நவம்பர் 7ஆம் தேதியே தொடங்கிவிட்டது. தேசம் தழுவிய அந்த இரவுக்கு இரண்டு நாள் முன்பே வீடுகளும் கடைகளும் உடைக்கப்பட்டன. ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஊரின் வரலாற்றில் இதுவும் சேர்த்திதான்.

கே: அண்ணா, பெப்ரா எல்லை ஸ்டேஷன் என்கிறார்கள். மேப்பில் பார்த்தால் பழைய எல்லை தள்ளி இருக்கிறதே?

ப: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், தம்பி. போருக்குப் பின் பிரிந்த கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் எல்லை கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில், கெர்ஸ்டுங்கனை ஒட்டி ஓடியது. ஆனால் மேற்குப் பக்கம் வண்டிகளை நிறுத்திக் கையாளத் தோதான பெரிய ஸ்டேஷன் பெப்ராதான். எல்லைக் காவலும் சுங்கமும் அங்கே வந்தன. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து வந்த வண்டி இங்கே நிற்கும், மேற்கு இன்ஜின் விலகும், மறுமுனையில் கிழக்கு ஜெர்மனியின் இன்ஜின் வந்து மாட்டும்.

1963 முதல் பெப்ராவில் மின்சார இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதே பிளாட்பாரத்துக்கு எர்ஃபூர்ட்டிலிருந்து 01.5 ரக நீராவி இன்ஜின்கள் 1970களின் தொடக்கம் வரை வந்தன. பெரிய சக்கரங்களோடு, எண்ணெய் எரித்து வரும் அந்த ராட்சதர்களைப் படமெடுக்க ரயில் ரசிகர்கள் பெப்ராவில் காத்துக்கிடந்தார்கள்.

கே: கெர்ஸ்டுங்கன்–ஐசனாக் பாதை எல்லையைத் திரும்பத் திரும்பக் கடந்ததாமே?

ப: ஆமாம். பெப்ராவிலிருந்து போனால் கெர்ஸ்டுங்கன் கிழக்கு ஜெர்மனி. அடுத்து வரும் வோமன், ஹெர்லெஸ்ஹவுசன் மேற்கு. அப்புறம் வார்த்தா மறுபடி கிழக்கு. பாதை போட்டபோது அந்த எல்லை யார் கனவிலும் இல்லை. இந்தத் தலைவலியிலிருந்து தப்பிக்க, கிழக்கு ஜெர்மனி கெர்ஸ்டுங்கனுக்கும் ஃபோர்த்தாவுக்கும் இடையே தன் நிலத்துக்குள்ளேயே புதுப் பாதை போட்டு 1962இல் திறந்தது.

ஹெர்லெஸ்ஹவுசனுக்கு இன்னொரு நினைவும் உண்டு. சோவியத் முகாம்களில் கடைசியாக இருந்த போர்க்கைதிகள் 1955இல் ரயிலில் வந்து இறங்கியது அங்கேதான்.

கே: 1989இல் பெப்ரா எப்படி இருந்தது?

ப: திணறியது. எல்லை திறந்ததும் கிழக்கு ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலிருந்து வண்டிகள் நிற்க இடமின்றி வந்தன. பலருக்கு மேற்கில் கால் வைத்த முதல் ஊர் இது. மேற்கு ஜெர்மனி தந்த 100 மார்க் வரவேற்புப் பணத்தை வாங்க வரிசைகள் நீண்டன.

கே: நாடு ஒன்றானால் பெப்ராவுக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டுமே? இன்று ஐசிஇ (ஜெர்மனியின் அதிவேக) வண்டிகள் நிற்காமல் போகின்றனவே?

ப: எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். பிரிவினைக் காலத்தில் கிழக்கு–மேற்குப் போக்குவரத்து சுருங்கினாலும், வடக்கு–தெற்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு பெப்ரா வழியே ஓடியது. ஹானோவரிலிருந்து ஃபிராங்க்பர்ட்டும் மியூனிக்கும் போகும் வண்டிகள் இரவு பகலாக வந்தன. 1991இல் ஹானோவர்–வூர்ட்ஸ்பர்க் அதிவேகப் பாதை முழுதாகத் திறந்ததும், அந்த வேக வண்டிகள் காஸல் வழியே போய்விட்டன.

கிழக்கே, வார்த்தா வழிப் பழைய பாதை 1991இல் மீண்டும் இணைந்தது. பெப்ரா–எர்ஃபூர்ட் முழுவதும் 1995இல் மின்மயமாகிப் புதுப்பொலிவு பெற்றது. ஆனால் இப்போது எல்லையில்லை, சோதனையில்லை, இன்ஜின் மாற்றமும் இல்லை. அப்படியிருக்க பெப்ராவுக்குள் நுழைந்து திரும்புவானேன்? ஐசிஇ வண்டிகள் பெர்லின் வளைவில் ஒதுங்கிப் போகின்றன. பிரிவினை கொடுத்த வேலையை ஒற்றுமை எடுத்துக்கொண்டது என்பது அங்குள்ள ரயில்வே குடும்பங்களுக்குக் கசப்பான உண்மை. ஒற்றுமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆட்களுக்கு மாற்று வேலைக்கு இன்னும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கே: காஸலில் படிக்கிறேன். ஒருநாள் போய்வர முடியுமா? என்ன பார்க்கலாம்?

ப: தாராளமாக. காஸலிலிருந்து பிராந்திய வண்டி நேராகவே போகிறது. இறங்கியதும் ஸ்டேஷன் கட்டடத்தைப் பாருங்கள். அது தெருவோரத்தில் இல்லாமல், தண்டவாளங்களுக்கு நடுவே தீவு போல நிற்கும். ஊருக்குள் போக தண்டவாளங்களைக் கடந்து வரவேண்டும். வண்டி மாறுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் அந்த அமைப்பு பொருந்தியது. பழைய தண்ணீர்க் கோபுரத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அது திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பழைய லோகோ ஷெட்டில் இப்போது விழாக்கள் நடக்கின்றன. நேரம் இருந்தால் பிளாட்பார முனையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வடக்கு–தெற்கு கூட்ஸ் வண்டிகள் அடுத்தடுத்து வருவதைப் பார்த்தால், ஜங்ஷன் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று தெரியும்.